பிரெட் கிரஹாம்: போர் விமானத்தின் மேல் ரௌபோங்கா செதுக்கினால் அது அலங்காரமா?

#1 கேள்விக்காரன்

நியூசிலாந்தின் மாவோரி சிற்பி பிரெட் கிரஹாம் (Brett Graham, 1967இல் ஆக்லாந்தில் பிறந்தவர், தைனூய் என்ற மாவோரி குல வழி) பற்றி இங்கே தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். குண்டுவீச்சு விமானம், கவச வாகனம், பீரங்கிக் கூண்டு, வண்டி என்று அவர் எடுக்கும் உருவங்கள் எல்லாமே படையெடுத்தவன் பக்கத்துச் சாமான்கள். அவற்றின் மேல் ஓர் அங்குலம் விடாமல் மாவோரி செதுக்கு வேலை.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, பாட்டன் காலத்து வடிவத்தை இன்றைய இயந்திரத்துக்குப் போர்வையாகப் போர்த்தினால் அது சிற்பமா, மேல்பூச்சா? இரண்டு, வளைந்தும் சரிந்தும் போகும் அவ்வளவு பெரிய பரப்பில் அந்த ரௌபோங்காக் கோடுகளை எப்படி வெட்டுகிறார்கள்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

#2 ஆழிக்கரை

முதல் சந்தேகத்துக்குப் பெயரிலிருந்து வருவோம். 2008இல் செய்த விமானத்தின் பெயர் தே ஹோக்கியோய். மாவோரி மரபில் ஹோக்கியோய் ஒரு பெரும் பறவை. இரவில் அதன் குரல் மட்டும் கேட்கும், கண்ணில் படாது. குரல் கேட்டால் போர் வரும் என்பார்கள். கிரஹாம் எடுத்தது ரேடாரில் சிக்காத ஸ்டெல்த் வகை விமானம். சத்தம் உண்டு, உருவம் இல்லை. உவமை இதோடு முடிந்திருந்தால் நீங்கள் சொல்லும் மேல்பூச்சுதான்.

ஆனால் அதே பெயரில் ஒரு செய்தித்தாளும் இருந்தது. 1858இல் போத்தத்தாவு தே ஃபெரோஃபெரோவை முதல் மாவோரி அரசராக்கி, நிலத்தை விற்பதில்லை என்று திரண்ட கிங்கிதங்கா இயக்கம், 1860களின் தொடக்கத்தில் நாருவாவாஹியாவில் தன் சொந்த அச்சகத்தில் அடித்த தாள் அது. அரசாங்கம் பதிலுக்கு 1863இல் தே பிஹோய்ஹோய் என்று, ஒரு சின்னக் குருவியின் பெயரில், போட்டித் தாள் இறக்கியது. சில இதழ்கள்தான் வந்தன. கிங்கிதங்கா தலைவர்களில் ஒருவரான ரேவி மணியாபோத்தோவின் ஆட்கள், அது அச்சான தே அவமுத்துவில் புகுந்து அச்சு இயந்திரத்தையே தூக்கிப் போய்விட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 12 அன்று பிரித்தானியப் படை மங்காதாஃபிரி ஓடையைத் தாண்டியது. வைக்காட்டோ போர் தொடங்கியது அப்படி.

ஆகவே அந்த விமானம் மூன்றாகப் படிக்கக் கிடைக்கிறது: பறவை, தாள், படை. மூன்றுக்கும் பொதுவானது, யார் குரல் தூரம் போகும் என்ற கேள்வி. இயந்திரத்துக்கு மாவோரி சட்டை மாட்டினார் என்று இதைக் கடந்துபோக முடியாது.

#3 மரவட்டை

நியூசிலாந்து, மாவோரி என்றாலே நம்ம ஆட்கள் தமிழ் மணியை, அங்கே மாவோரிகளிடம் கிடைத்த தமிழ் எழுத்துள்ள வெண்கல மணியை, கொண்டுவருவார்கள். இன்னும் யாரும் கொண்டுவரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

#4 ஆழிக்கரை

மரவட்டை, அந்த மணி வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்தச் சிற்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

உங்களுக்குக் கண்டிப்பாக ஒரு தொடர்பு வேண்டுமென்றால் இது உண்மையானது: ஹோக்கியோய் தாளை அடித்த இயந்திரம் ஆஸ்திரிய அரச குடும்பத்தின் அன்பளிப்பு. நோவாரா என்ற ஆஸ்திரியக் கப்பல் உலகைச் சுற்றி வந்தபோது ஆக்லாந்தில் இரண்டு மாவோரிகள், வீரெமு தோய்த்தோயும் தே ஹெமாரா ரேரேஹாவும், ஏறிக்கொண்டார்கள். 1859இல் வியன்னா போய் அரசு அச்சகத்தில் தொழில் கற்று, இயந்திரத்தோடு திரும்பினார்கள். அதே பயணத்தில் 1858 தொடக்கத்தில் நோவாரா இலங்கையிலும் சென்னையிலும் நின்றது. நம் பங்கு அவ்வளவுதான்.

#5 தச்சுப்பட்டறை

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். நண்பர் சொல்லும் கோடுகளுக்கு ரௌபோங்கா என்று பெயர். ரௌ என்றால் இலை, போங்கா என்பது வெள்ளிப் பெரணி மரம். பெரணி இலையின் நரம்பும் பல்லும்தான் வடிவம். அதில் மூன்று உறுப்புகள்:

ஹைஹை: நீளமாக ஓடும் பள்ளம்.
ரௌமோவா: பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே வெட்டாமல் நிற்கும் மெல்லிய வரப்பு.
பாக்கத்தி: ஒரு வரப்பில் மட்டும் வரிசையாகக் கொத்திய பல். (ஆமாம், பெயரிலேயே கத்தி. மரவட்டை, வேண்டாம்.)

கையில் பழக 400 மி.மீ நீளம், 150 அகலம், 40 கனத்தில் ஒரு குமிழ்ப் பலகை போதும். தேக்கு எடுக்காதீர்கள், அதிலுள்ள சிலிக்கா உளி முனையைச் சீக்கிரம் மழுக்கும், பழகுகிற கைக்குக் கோபம்தான் வரும். அங்கே பெரிய வேலைக்கு முதல் மரம் தோத்தரா. எடை குறைவு, நார் நேராக ஓடும், எளிதில் உளுத்துப்போகாது. அந்த நேர் நாரே அதன் வம்பும்கூட: நீளவாக்கில் சட்டென்று பிளக்கும்.

கோடு போடுவது இப்படி. நடுவில் பாக்கத்தி வரப்பு 10 மி.மீ. அதன் இரு பக்கமும் பள்ளம் 5, வரப்பு 4, மறுபடி பள்ளம் 5, வரப்பு 4. இது ஒரு பட்டை. மொத்தம் 46 மி.மீ வரும். 150 அகலத்தில் மூன்று பட்டை அடித்து ஓரத்துக்கு 6 மி.மீ மிஞ்சும்.

முதலில் பள்ளம் முழுவதும், பிறகுதான் பல். 60 பாகை வி உளியில் 5 மி.மீ அகலம் வேண்டுமென்றால் ஆழம் 4.3 மி.மீ இறங்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் இறக்காதீர்கள். முதல் ஓட்டம் 2 மி.மீ, அடுத்தது 4 வரை, கடைசி ஓட்டம் தோல் சீவுகிற மாதிரி. கொட்டாப்புளி முதல் இரண்டுக்கு மட்டும். கடைசி ஓட்டம் கை அழுத்தத்தில் போக வேண்டும்.

பல் எடுக்கும் முன் கவராயத்தில் 8 மி.மீ வைத்து முழு நீளத்துக்கும் புள்ளி குத்திவிடுங்கள். கண் மட்டத்தில் கொத்திக்கொண்டே போனால் கடைசியில் ஐந்து மி.மீ மிஞ்சும், அதை எங்கே ஒளிப்பது? புள்ளி வைத்த பிறகு நேர் உளியை வரப்புக்கு 45 பாகை சாய்வாக வைத்து 3 மி.மீ ஆழத்துக்குத் தடுப்பு வெட்டு. 5 மி.மீ தள்ளி உளியைப் படுக்கவைத்து, தடுப்பை நோக்கிச் சரிவாக ஒரு வெட்டு. சில்லு தானாக எகிறி விழும். விழாமல் தொங்கினால் தடுப்பு வெட்டு ஆழம் போதவில்லை. நெம்பாதீர்கள், பல் கூடவே வந்துவிடும். தடுப்பை மறுபடி அடியுங்கள்.

கெடுவது எங்கே என்றால்:

வளைவில். வி உளிக்கு இரண்டு சுவர். நாருக்குக் குறுக்காகச் சாய்ந்து போகும்போது ஒரு சுவர் நாரோடு போகும், மற்றது நாருக்கு எதிராகப் போய் சிராய் கிளப்பும். வளைவின் உச்சியில் நின்று, மறுமுனையிலிருந்து திரும்பி வெட்டி வந்து சேர வேண்டும். அப்படியும் ஒரு சுவர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தோல் வாரில் தீட்டிய முனையோடு கடைசி ஓட்டம் போனால் அடங்கும்.

வரப்பின் கனத்தில். 4 மி.மீ என்பது பழகும் அளவு. 3க்குக் கீழே போனால், நாருக்குக் குறுக்கே ஓடும் இடங்களில் வரப்பு முறுக்கு மாதிரி உடையும்.

தடுப்பு வெட்டின் ஆழத்தில். அது பள்ளத்தின் ஆழத்தையும் தாண்டி இறங்கிவிட்டால் பல்லின் காலையே அறுத்ததாகிவிடும். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். மரம் காய்ந்ததும் பல் கொட்டும்.

#6 கேள்விக்காரன்

அருமை அண்ணே. ஆனால் இது தட்டைப் பலகை. விமான இறக்கை, வட்டக் கூண்டு இதெல்லாம்? இன்னொன்று, இவ்வளவையும் கணினி இயந்திரத்தில் வெட்டிவிட முடியாதா?

#7 தச்சுப்பட்டறை

பெரிய உருவம் ஒரே மரத்தில் வராது, பல பலகைகள் சேர்ந்த உடல்தான். அப்போது முதல் எதிரி ஈரம். 12 சதவீத ஈரத்தில் செதுக்கிய 300 மி.மீ அகலப் பலகை, குளிரூட்டிய அறையில் 8 சதவீதத்துக்கு இறங்கினால் 2 முதல் 3 மி.மீ சுருங்கும். இணைப்பு ஒரு வரப்பின் நடுவே விழுந்திருந்தால் அந்த வரப்பு இரண்டாகப் பிளந்து தெரியும். இணைப்பைப் பள்ளத்தின் அடியில் விழும்படி பலகை அகலத்தைத் திட்டமிட்டால், 2 மி.மீ திறந்தாலும் பள்ளத்தின் நிழலில் கரைந்துவிடும். மேலே சொன்ன பட்டைக் கணக்கில், பட்டை ஓரத்தில் தொடங்கும் பலகையின் அகலம் 46இன் மடங்கில் 6.5 மி.மீ (ஓர வரப்பு 4, அடுத்த பள்ளத்தின் பாதி 2.5) கூட்டியோ குறைத்தோ வர வேண்டும். வரைபடத்திலேயே இதை முடிவு செய்ய வேண்டும், ஒட்டிய பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

ஸ்டெல்த் விமானம் வளைவைவிட முகப்புகளால் ஆன உருவம். இரண்டு முகப்பு சேரும் கூர் விளிம்பில் பல்லைக் கொண்டுபோனால் ஒரு தூக்கு, ஒரு இடி, போச்சு. விளிம்புக்கு 6 முதல் 8 மி.மீ வெற்றுக் கரை விட வேண்டும்.

கூம்பாகச் சரியும் பரப்பில் வேறு தொல்லை. கீழே 40 பட்டை இருந்தால் மேலே அத்தனைக்கும் இடம் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே அளவில் ஒடுக்கினால் மேலே வரப்பு 2 மி.மீ ஆகி உடையும். சில பட்டைகளைப் பாதியில் முடித்துவிட்டு மற்றவற்றின் அகலத்தைக் காப்பாற்றுவதுதான் வழி. மட்டப்பலகையும் உதவாது. காக்கிக் காகிதத்தை நாடாவாக வெட்டி, பரப்பில் ஒட்டி, அதன் ஓரத்தில் பென்சில் ஓட்டுங்கள்.

இயந்திரம் பற்றி: முடியும், உருவம் இறக்க நேரம் மிச்சம். ஆனால் 3 மி.மீ உருண்டை முனையில் வெட்டினால் பள்ளத்தின் அடி 1.5 மி.மீ ஆரத்துக்கு உருண்டுவிடும். பல்லின் உள்மூலை கூர்மையாக வராது. தூரத்தில் சரி, கிட்டே போனால் சோப்பில் அழுத்திய அச்சு மாதிரி இருக்கும். வி முனை போட்டாலும் மூலை எல்லாம் உளி ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டும்.

#8 நீலமலர்

வெளிச்சத்தை யாரும் பேசவில்லை, காட்சிக்கூட வேலை தெரிந்தவர்களுக்கு அதுதான் பாதி. கிரஹாமின் பல படைப்புகள் ஒரே நிறம், முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை. நிறம் ஒன்றே என்றால் வடிவத்தைக் காட்டுவது நிழல் மட்டும். நேர் எதிரே விளக்கு வைத்தால் கறுப்புச் சிற்பம் வெறும் ஓட்டையாகத் தெரியும். பக்கவாட்டில், பரப்புக்கு 20, 30 பாகைக்குள் ஒளி படர வேண்டும். அப்போது ஒவ்வொரு பல்லும் தன் நிழலைப் பக்கத்துப் பல்லின் மேல் போடும். பார்ப்பவர் நடக்க நடக்க உருவமே நகர்கிற மாதிரி இருக்கும்.

கறுப்பு எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். கனத்த பெயிண்ட் இரண்டு கை அடித்தால் 4.3 மி.மீ பள்ளத்தின் அடியில் தேங்கி, பல்லின் கூர் மழுங்கும். நீர்த்த சாயம் மூன்று கை, நடுவில் நூல் தூரிகையால் பள்ளத்தைத் துடைத்துவிட வேண்டும். பளபளப்பு கூடவே கூடாது, ஒவ்வொரு வரப்பும் விளக்கைத் திருப்பிக் காட்டி வடிவத்தைக் குழப்பும்.

வெள்ளைக்கு எடுத்துக்காட்டு ஓ பயனீர் (2020). அதை எதிலிருந்து எடுத்தார் என்று ஆழிக்கரை சொல்லட்டும்.

#9 ஆழிக்கரை

பயனீர் என்பது சிட்னியில் கட்டி 1863 அக்டோபரில் வந்து சேர்ந்த இரும்புப் போர்ப்படகு. துடுப்புச் சக்கரத்தில் ஓடும் நீராவிப் படகு. மேல்தளத்தில் இரண்டு வட்ட இரும்புக் கூண்டுகள், பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் துளை வைத்தவை. சாலை இல்லாத ஊரில் வைக்காட்டோ ஆற்றையே சாலையாக்கியது அது. நவம்பர் 20 அன்று ரங்கிரிரி அரணைத் தாக்கியதில் படகுகளுக்குப் பெரிய பங்கு.

கவனிக்க வேண்டியது, அந்தக் கூண்டுகள் இரண்டும் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கின்றன. ஒன்று நாருவாவாஹியாவில். மற்றது மெர்சரில், முதல் உலகப்போர் நினைவுச் சின்னத்துக்குப் பீடமாக, உச்சியில் சிப்பாய் சிலையோடு. வைக்காட்டோக்காரரின் ஊரைச் சுட்ட இரும்பு, வேறு போரில் இறந்தவர்களுக்குப் பீடமாகிவிட்டது. கிரஹாம் அந்தக் கூண்டுக்கு வெள்ளையடித்து, கலியாணக் கேக் போல விக்டோரியா காலப் பூவேலையால் மூடினார். இதில் ரௌபோங்கா கிடையாது! கேள்விக்காரர் கவனிக்க: எதன் மேல் எந்த வடிவம் என்பதை அவர் யோசித்துத்தான் வைக்கிறார். குடியேறியவர்களின் கூண்டுக்குக் குடியேறியவர்களின் அலங்காரம்.

அது 2020 இறுதியில் நியூ பிளிமத் நகரின் கோவெட் புரூஸ்டர் காட்சிக்கூடத்தில் வைத்த தை மோவானா தை தங்காத்தா தொகுப்பில் ஒன்று. வைக்காட்டோ, தரானாக்கி மக்களுக்கு இடையிலான பழைய உடன்பாடுதான் தொகுப்பின் கரு. பாய் மாரிரே என்ற மாவோரி சமயத்தார் நட்டு வழிபட்ட நியு கம்பத்தை ஒட்டிய கோபுரமும் செதுக்கிய வண்டியும் அதில் இருந்தன. வண்டியின் பெயருக்குப் பொருள் நிலத்துக்கும் சமாதானம், மக்களுக்கும் சமாதானம்.

#10 கூர்மதி

எனக்கு உடன்பாடில்லை. வன்முறைக் கருவியை இவ்வளவு அழகாகச் செய்தால் பார்ப்பவன் அழகைத்தான் எடுத்துப்போவான். கவச வாகனத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு 1863 எங்கே தெரியப்போகிறது? அவர் அப்பா ஃப்ரெட் கிரஹாம் (Fred, அவரும் சிற்பி) தலைமுறை மூதாதையரையும் புராணத்தையும் நவீன வடிவத்தில் செய்தது. அதில் ஆளின் முகம் இருந்தது. மகனிடம் இயந்திரமும் தோலும்தான் இருக்கிறது.

#11 ஆழிக்கரை

படம் எடுப்பவர்களைப் பற்றிச் சொன்னது நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. முகம் இல்லை என்பதை மட்டும் வேறு விதமாகப் பார்க்கிறேன். மாவோரி செதுக்கில் மனித உருவம் என்றால் அநேகமாக அது பெயருள்ள மூதாதை. ஒரு வம்சத்துக்கும் கூட்ட வீட்டுக்கும் உரியவர். அவரைத் தூக்கிக் குண்டுவீச்சு விமானத்தில் ஒட்ட முடியுமா? மேற்பரப்பு வடிவத்தில் நிற்பதை நான் அடக்கமாகவே படிக்கிறேன்.

கவச வாகனம் தே மிஹாயா ஹோவு (2008). புதிய மீட்பர் என்று பொருள், தூஹோய் என்ற மாவோரி குலத்தின் சமயத் தலைவர் ருவா கேனானாவின் பட்டம். 1916 ஏப்ரலில் ஆயுதப் போலீஸ் மாவுங்காபோஹாத்து மலையில் அவர் ஊருக்குள் புகுந்தது. அவர் மகன் தோக்கோ கொல்லப்பட்டார். 2007 அக்டோபரில் அதே தூஹோய் மக்களின் ருவாத்தோக்கியில் மறுபடி ஆயுதப் போலீஸ். அடுத்த ஆண்டு இந்தச் சிற்பம். அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் குறிப்புப் பலகை வைத்து விளக்க வேண்டியிருக்காது.

அப்பாவும் மகனும் 2024 வெனிஸ் பினாலேயின் மையக் கண்காட்சியில் சேர்ந்தே இடம்பெற்றார்கள். மகன் வைத்தது வேஸ்ட்லேண்ட்ஸ்: பாத்தாக்கா எனப்படும் கால் நட்டு உயர்த்திய உணவுக் களஞ்சியம், கால்களுக்குப் பதில் சக்கரங்கள், உடலெங்கும் விலாங்கு மீன். பெயர் 1858ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டத்தைத் தொடுகிறது. மாவோரி அரசர் பதவியேற்ற அதே ஆண்டு. சட்டக்காரன் கண்ணுக்குச் சதுப்பு நிலம் தரிசு. வைக்காட்டோ மக்களுக்கு அதுவே விலாங்குச் சுரங்கம். போருக்குப் பின் வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிமுதல். சதுப்புகளை வடித்துப் பால் பண்ணை ஆக்கினார்கள். பாத்தாக்காவில் வைக்க மீன் இல்லை, நிற்க நிலமும் இல்லை, ஆகவே சக்கரம்.

இதை 2003இல் அவர் செய்த காயிங்கா தாஹி காயிங்கா ருவாவோடு சேர்த்துப் பாருங்கள். முதல் வீடு, இரண்டாம் வீடு என்று பொருள். பனாபா தீவைத் தோண்டி எடுத்த பாஸ்பேட், நியூசிலாந்துப் புல்வெளிகளுக்கு உரமானது. தீவு மக்களை 1945இல் ஃபிஜியின் ராபித் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒருவரின் நிலத்தைப் பிடுங்கி, இன்னொருவரின் நிலத்தை அள்ளி அதன் மேல் போட்டிருக்கிறார்கள்.

#12 கூர்மதி

பனாபா எனக்குப் புதுச் செய்தி. வேஸ்ட்லேண்ட்ஸ் பற்றி என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். விமானம் பற்றி இல்லை.

#13 கதவுக்காரன்

நிலைக்கதவு வேலை செய்யும் பட்டறைக்காக ஒரு கேள்வி. தச்சுப்பட்டறை சொன்ன அளவில் ரௌபோங்கா பட்டை அடித்து, மாவோரி டிசைன் என்று பூஜையறைக் கதவாக விற்கலாமா? வாடிக்கையாளர் புதுசாகக் கேட்கிறார்கள்.

#14 தச்சுப்பட்டறை

பழகுவதற்கு வெட்டுங்கள், கைக்கு நல்லது. மாவோரி என்று பெயர் போட்டு விற்காதீர்கள். இந்த வடிவங்கள், அறிவு எல்லாம் யாருடைய பொறுப்பில் என்று அங்கே 1991இல் போட்ட வை 262 என்ற வழக்கில், மாவோரி உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தின் அறிக்கை வர 2011 ஆனது. உண்மையான மாவோரி கைவேலைக்கு 2002இல் தோய் இஹோ என்ற முத்திரையே கொண்டுவந்தார்கள், போலிகள் அவ்வளவு. கூட்டத்தில் நாமும் எதற்கு?

கதவுக்கு நம் கொடிக்கருக்கு இருக்கிறது. அதிலும் இதே வி உளி, இதே 60 பாகை, இதே சிராய்த் தொல்லை.

#15 கதவுக்காரன்

சரிங்க. குமிழ்ப் பலகையில் நேற்றைய கணக்குப்படி கோடு போட்டாயிற்று. பல்லின் சாய்வு மூன்று பட்டையிலும் ஒரே பக்கமா?

#16 தச்சுப்பட்டறை

பக்கத்துப் பட்டைகளில் எதிரெதிராக வையுங்கள், பெரணி நரம்பு மாதிரி விரியும். நடுப் பட்டையைக் கடைசியாக வெட்டுங்கள். கை அதற்குள் பழகியிருக்கும், கண் முதலில் போவதும் அங்கேதான்.